வேண்டுதல் உடனே பலிக்க ஏழு எளிய வழிகள்: ரபிகள் பேச்சைக் கேட்க நேரமில்லாத பயணிகளுக்கு

ஊர் ஊராக நடந்தும் துரத்தப்பட்டும் பழகியவர்கள் யூதர்கள். அதனால் பயணத்தைப் பற்றியும், வழித்துணையாக வரும் தெய்வத்தைப் பற்றியும், அந்தத் தெய்வத்திடம் எப்படிப் பேசுவது என்பது பற்றியும் அவர்களுடைய ரபிகள் எழுதி வைத்தது கொஞ்சநஞ்சமல்ல. பாபிலோனியத் தல்மூத் மட்டுமே 2,711 தாள்கள், இரண்டு பக்கமும் எழுத்து. நாளுக்கு ஒரு தாள் படித்தால் முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். உங்களுக்கோ நாளைக் காலை விமானம்.

ஆகவே சாரத்தைப் பிழிந்து, சிரமமான பகுதிகளை நீக்கி, ஏழே வழிகளாகத் தந்திருக்கிறோம். சில இடங்களில் ரபிகள் நமக்கு நேர் எதிராகச் சொல்லியிருக்கிறார்கள். நேர்மை கருதி அவற்றையும் குறித்திருக்கிறோம். படிக்காமல் தாண்டிவிடலாம்.

தேவையான பொருட்கள்: ஒரு கைப்பை, நீளமான ஒரு கோரிக்கைப் பட்டியல், பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றிக் கவலைப்படாத மனம்.

1. முழு வழித்தடத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்

ஆபிரகாமைப் பாருங்கள். 75 வயதில், காட்டப்போகும் ஏதோ ஒரு தேசத்துக்குக் கிளம்பச் சொல்லிக் கட்டளை வருகிறது. எந்த ஊர், எத்தனை நாள், அங்கே தண்ணீர் கிடைக்குமா என்று மனிதர் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் பஞ்சம். மூட்டை கட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓட்டம்.

அவருடைய வம்சத்தார் கதை இன்னும் மோசம். ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் நடைதான் என்று உபாகமம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. எகிப்தை விட்டவர்கள் கானானின் வாசலுக்கு வந்து சேர 40 ஆண்டு ஆயிற்று. வழியில் எங்கெங்கே கூடாரம் அடித்தார்கள் என்று எண்ணாகமம் 33-ஆம் அதிகாரம், தொலைதூரப் பேருந்தின் ஊர்ப்பலகை மாதிரி, ஒன்று விடாமல் அடுக்குகிறது. மரபுக் கணக்கில் மொத்தம் 42 பயணங்கள்.

பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ரஷி (1040–1105) இதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். முதல் ஆண்டிலேயே 14 பயணங்கள் முடிந்துவிட்டன, கடைசி ஆண்டில் 8. கழித்துப் பாருங்கள், நடுவே இருந்த 38 ஆண்டில் 20 முறைதான் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். ஆகவே அலைச்சலே தண்டனையான அந்தக் காலத்திலும் ஆண்டவர் அவர்களை ஓயாமல் விரட்டவில்லை, உட்கார விட்டார் என்பது அவர் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷேம் தோவ் பட்டியலை நம் தலையிலேயே கட்டிவிட்டார். பிறப்பிலிருந்து இறப்புவரை ஒவ்வொரு மனிதரும் இந்த 42 தங்கல்களையும் கடந்தாக வேண்டுமாம்.

அப்படியானால் நம்முடைய பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டியதுதானே? அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மோசே அதை எழுதியது நாற்பதாம் ஆண்டில், யோர்தான் கரையில், நடையெல்லாம் முடிந்த பிறகு. ரபிகளின் வேத விளக்கமான மித்ராஷ் ஒரு கதை சொல்கிறது. நோயாளி மகனைச் சிகிச்சைக்காகத் தூர தேசம் கூட்டிப்போன அரசன், குணமாகித் திரும்பும் வழியில் ஒவ்வோர் இடமாகக் காட்டுகிறான். இங்கே தூங்கினோம், இங்கே குளிரில் நடுங்கினோம், இங்கே உனக்குத் தலை வலித்தது. போகும்போது அந்தப் பையனுக்குத் தெரிந்ததெல்லாம் தலைவலி மட்டும்தான். திரும்பும்போது கிடைக்கும் வழித்தடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்கூட்டியே தராவிட்டால் கிளம்ப மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே இருந்தாலும் 42 நிறுத்தம் உண்டு என்கிறாரே பால் ஷேம் தோவ் என்று கேட்காதீர்கள்.

2. ‘எனக்கு’ என்று அழுத்திச் சொல்லுங்கள்

வழிப்பயணத்துக்கென்றே யூதர்களிடம் ஒரு சிறிய மன்றாட்டு உண்டு. ஊர் எல்லையைத் தாண்டியதும் சொல்வது. குறைந்தது ஒரு பர்சா தூரமாவது போக வேண்டும், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். பதுங்கியிருக்கும் பகைவரிடமிருந்தும் வழிப்பறிக்காரரிடமிருந்தும் காட்டு விலங்கிடமிருந்தும் காத்து, நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கேட்பது. இப்போது சாவிக்கொத்தில் தொங்கும் அட்டையாகவும் கிடைக்கிறது.

எல்லாம் சரி. அபாயே என்ற நான்காம் நூற்றாண்டுப் பாபிலோனிய ரபி குறுக்கே வந்து ஒரு திருத்தம் போட்டார். தன்னை மட்டும் தனியே பிரித்துக் கேட்கக் கூடாது, எல்லோரோடும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஆளில்லாக் காட்டில் ஒற்றையாக நடப்பவனும் ‘எங்களை’ என்றே சொல்லியாக வேண்டும். எவ்வளவு விரயம் பாருங்கள்! முன்வரிசையில் குறட்டை விடுபவர் பத்திரமாக இறங்குவதற்கு உங்கள் மூச்சை ஏன் செலவழிக்கிறீர்கள்? இருக்கை எண்ணைக் குறிப்பிட்டு, பெட்டியின் நிறத்தையும் சொல்லிவிட்டால் மேலே குழப்பம் இருக்காது.

கிளம்புகிறவர் கையில் உறவினர்கள் ஒரு காசைத் திணிக்கும் வழக்கமும் உண்டு. செலவுக்கு அல்ல, போன ஊரில் ஏழைக்குக் கொடுக்க. நற்காரியத்துக்குத் தூது போகிறவருக்குத் தீங்கு நேராது என்று தல்மூத்தில் ஒரு வாக்கு இருப்பதால், சும்மா ஊர் சுற்றப் போகிறவரையும் தூதராக்கிவிடும் தந்திரம் இது. புரூக்ளினில் லுபாவிச் ஹசிதியரின் தலைவரான ரெபே மெனாகெம் மெண்டல் ஷ்னியர்சன், 1986 முதல் 1992 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றபடியே, வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் தர்மம் செய்யச் சொல்லி ஆளுக்கொரு டாலர் கொடுத்தார். காசு வந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். போன இடத்தில் காபி குடிக்க உதவும்.

3. வானிலையை உங்கள் வசதிக்கு மாற்றுங்கள்

முதல் நூற்றாண்டில் கலிலேயாவில் ஹனினா பென் தோசா என்று ஓர் ஏழை மகான் இருந்தார். ஒருநாள் வழியில் மழை பிடித்துக்கொண்டது. உலகமே சுகமாக இருக்கிறது, நான் மட்டும் நனைகிறேனே என்று முறையிட்டார். மழை நின்றது. இதுவரை கதை நமக்குச் சாதகம்.

மனிதர் வீட்டுக்குள் போனதும் கெடுத்துவிட்டார். உலகமே தவிக்கிறது, நான் மட்டும் சுகமாக இருக்கிறேனே என்று மறுபடி முறையிட, மழை திரும்ப வந்துவிட்டது. நீங்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த விஷயத்தில் நம் தரப்புக்கு எதிராகப் பழைய புகார் ஒன்று நிலுவையில் இருக்கிறது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் மகா பரிசுத்த இடத்துக்குள் ஆண்டில் ஒரே நாள், யோம் கிப்பூர் அன்று, தலைமைக் குரு ஒருவர் மட்டுமே நுழைவார். வெளியே வந்ததும் மக்களுக்காகச் சுருக்கமாக ஒரு மன்றாட்டு. ஆண்டு முழுவதுக்குமான அந்தச் சில வரிகளில், மழை வேண்டாம் என்று வழிப்போக்கர்கள் கேட்டால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உழுதுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடியானவனுக்கு அப்படி ஒரு செல்வாக்கு.

4. அலறல் கேட்டால் முந்திக்கொள்ளுங்கள்

ஊருக்குத் திரும்புகிறீர்கள். தூரத்தில் அலறல் கேட்கிறது. எங்கோ தீ, அல்லது சாவு. என் வீடாக இருக்கக் கூடாது என்று உடனே வேண்டிக்கொள்ளுங்கள். இயல்பாக வாயில் வருவதுதான், பயிற்சி தேவையில்லை.

ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்த உதாரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இது வீண் மன்றாட்டு என்கிறது. நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லிக் கேட்பது மன்றாட்டே ஆகாதாம். தேர்வுத்தாள் திருத்தி முடித்த பிறகு, குலுக்கல் நடந்து முடிந்த பிறகு நாம் செய்வதெல்லாம் இந்தக் கணக்கில் போய்விடும். இன்னொரு சங்கடம், மிஷ்னா வெளிப்படையாகச் சொல்லாதது: தீ ஏற்கெனவே ஒரு வீட்டில் பிடித்துவிட்டது. என் வீடு வேண்டாம் என்றால் யார் வீடு? ஊருக்குள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள். இதையெல்லாம் யோசித்தால் வேண்ட முடியாது, வாளியோடு ஓட வேண்டியதுதான். எனவே யோசிக்காதீர்கள்.

5. நிபந்தனை விதியுங்கள்

கடவுளுக்கு வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆபிரகாமின் ஊழியர் எலியேசர் இதில் வல்லவர். எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப் பத்து ஒட்டகங்களோடு போனவர், கிணற்றங்கரையில் நின்று ஒப்பந்தம் பேசினார். தண்ணீர் கேட்டதும் எனக்குத் தந்து, ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று எந்தப் பெண் சொல்கிறாளோ அவளே மணப்பெண். தாகமெடுத்த ஒட்டகம் ஒன்று நூறு லிட்டர்வரை குடிக்கும். பத்து ஒட்டகத்துக்குச் சேந்தி ஊற்ற ஒரு பெண் முன்வந்தாள், ரெபேக்காள். திட்டம் பலித்தது.

ரபிகளுக்கு இது பிடிக்கவில்லை. முறையில்லாமல் கேட்டவர்கள் மூவர் என்று பட்டியலிட்டு எலியேசரை முதலில் வைத்தார்கள். அவருக்கு நல்லவள் வாய்த்தது ஆண்டவரின் பெருந்தன்மை, கேட்ட முறையின் சாமர்த்தியம் அல்ல என்பது அவர்கள் தீர்ப்பு. மூன்றாவதாக யெப்தா. போரில் வென்றால், வீடு திரும்பும்போது வாசலில் எதிரே வருவதைப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்தான். எதிரே வந்தது அவனுடைய ஒரே மகள். நிபந்தனை எழுதும்போது சிறு எழுத்துகளையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

வட்டம் போட்டு மழை கொண்டுவந்த ஹோனியை உதாரணம் காட்டி நம்மிடம் சிலர் வாதாடுவார்கள். மழை வரும்வரை இந்த வட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர். தூறல் விழுந்தது, இது போதாது என்றார். கொட்டித் தீர்த்தது, இப்படியல்ல என்றார். வேறு யாராவதாக இருந்தால் சமூகத்தை விட்டே தள்ளிவைத்திருப்பேன், அப்பாவிடம் குழந்தை அடம்பிடிப்பது போல நீ பிடிக்கிறாய், உன்னை என்ன செய்ய என்று அன்றைய தலைவர் சிமியோன் பென் ஷேத்தா அலுத்துக்கொண்டார். ஆனால் ஹோனி கேட்டது ஊருக்கான மழை, ஊரார் வந்து கேட்டுக்கொண்டதால் கேட்டது. நமது வாசகர்களுக்கு அந்த முன்னுதாரணம் பொருந்தாது.

6. உருக்கமாகத் தெரியுங்கள்

மனப்பூர்வமான மன்றாட்டுக்கு யூத மரபு காட்டும் மாதிரி, தலைமைக் குருவோ அரசரோ அல்ல, அன்னாள் என்ற பிள்ளையில்லாப் பெண். சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் வேண்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று குரு ஏலி கண்டித்தார். மனத்தைக் குவிப்பது, உதடு அசைவது, குரல் எழும்பாதது எனத் தனி மன்றாட்டின் விதிகளைப் பிற்காலத்தில் ரபிகள் அவளிடமிருந்தே எடுத்தார்கள். குருவே தவறாகப் புரிந்துகொண்டதுதான் மாதிரி என்றால், பக்கத்தில் நிற்பவர்களைக் கவர வழியே இல்லை. மேலும், கேட்டுப் பெற்ற பிள்ளையை அவள் ஆலயத்துக்கே கொடுத்துவிட்டாள். இந்தப் பகுதியை நிச்சயமாகத் தாண்டிவிடுங்கள்.

பழைய பக்தர்கள் மன்றாடுவதற்கு முன் ஒரு மணி நேரம் சும்மா அமர்ந்து மனத்தை நிலைப்படுத்துவார்கள் என்கிறது மிஷ்னா. கடமைக்கு ஒப்பித்தால் அது மன்றாட்டு ஆகாது என்றார் ரபி எலியேசர். பிரத்ஸ்லாவின் ரபி நாக்மன் (1772–1810) ஒருபடி மேலே போனார். தினம் ஒரு மணி நேரம் தனியறைக்கோ வயல்வெளிக்கோ போய், எபிரேயம்கூட வேண்டாம், வீட்டில் பேசும் இத்திஷிலேயே, நண்பரிடம் பேசுவது போல ஆண்டவரிடம் பேசச் சொன்னார். பேச்சு வராவிட்டால் பேச்சு வரவில்லை என்பதையே சொல்ல வேண்டும். எழுதி வைத்ததும் இல்லை, சாட்சியும் இல்லை. உங்கள் உருக்கத்தை யார் பார்ப்பார்கள்?

ஹசிதியர்கள் சொல்லும் கதை ஒன்று கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. எழுத்தறியாத கிராமத்துச் சிறுவன் ஒருவன் யோம் கிப்பூர் அன்று பால் ஷேம் தோவின் ஜெப ஆலயத்தில் பொறுக்க முடியாமல் சட்டைப்பையிலிருந்து குழலை எடுத்து ஊதிவிட்டான். எல்லோரும் பதறினார்கள். நாம் எல்லோரும் சொன்ன மன்றாட்டுகளை அந்த ஓசைதான் மேலே கொண்டுபோனது என்றார் பால் ஷேம் தோவ். ஆகவே நல்ல குழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் போல ஊதுவதற்குச் சில மாதப் பயிற்சி தேவைப்படும்.

7. அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லுங்கள்

உங்கள் வேண்டுதல் முடிந்தது. இனி சக பயணிகளுக்கு உதவலாம். ஒருவருக்கு அடி விழுந்ததும் ஓடிப்போய், எல்லாம் நல்லதற்கே என்று சொல்லுங்கள்.

ரபி அகிபாவே சொன்னதாயிற்றே என்று ஆதாரம் காட்டலாம். ஓர் ஊரில் அவருக்குத் தங்க இடம் தரவில்லை. வயல்வெளியில் படுத்தார். காற்று விளக்கை அணைத்தது, பூனை சேவலைத் தின்றது, சிங்கம் கழுதையைத் தின்றது. ஆண்டவர் செய்வதெல்லாம் நன்மைக்கே என்றார். அன்றிரவு படையொன்று வந்து அந்த ஊரைச் சிறைபிடித்துக்கொண்டு போயிற்று. இருட்டில், சத்தமில்லாமல் கிடந்ததால் அவர் தப்பினார். ஆதாரம் காட்டும்போது ஒரே ஒரு விவரத்தை அமுக்கிவிடுங்கள். விளக்கு அவருடையது, சேவல் அவருடையது, கழுதையும் அவருடையது. அடுத்தவன் கழுதை செத்ததற்கு அவர் அதைச் சொல்லவில்லை.

யோபுவின் நண்பர்கள் மூவர் நமக்கு முன்னோடிகள். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து உட்கார்ந்திருந்தவரோடு ஏழு பகல் ஏழு இரவு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். அதுவரை குறையில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுவிடம் அல்ல, தம் சார்பில் வாதாடிய அந்த மூவரிடம். பரிகாரமாக அவர்கள் பலி செலுத்த வேண்டும், அவர்களுக்காக யோபு வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார். யோபு நண்பர்களுக்காக வேண்டிய பிறகுதான் அவருடைய நிலையே மாறியது. துன்பப்படுகிறவரிடம் அந்த நண்பர்கள் மாதிரி பேசுவது வார்த்தையால் செய்யும் வன்முறை என்று தல்மூத் விலக்கியிருக்கிறது. துக்க வீட்டில், இழந்தவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது என்ற வழக்கமும் இங்கிருந்துதான் வந்தது.

நம் விளக்கத்துக்கு ஏற்ற இன்னொரு ஆள், மைமோனிடிஸ். ஸ்பெயினின் கொர்தோவாவில் பிறந்து, மதவெறிக்குத் தப்பி மொரோக்கோவின் ஃபெஸ், பாலஸ்தீனத்தின் அக்கோ என்று அலைந்து எகிப்தில் நிலைத்தவர், 1204-இல் மறைந்த பெரும் தத்துவர். அவர் படிக்க, தம்பி தாவீது வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். தாவீது இந்தியாவுக்குப் போகும் வழியில் கடலில் மூழ்கினார், குடும்பத்தின் பணமும் பிறர் பணமும் அவரோடு போயிற்று. மைமோனிடிஸ் ஏறத்தாழ ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். பல ஆண்டுகள் கழிந்தும் துயரம் ஆறவில்லை என்று கடிதம் எழுதினார். இறைப் பராமரிப்பைப் பற்றிப் பின்னாளில் எழுதியபோது அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, மூழ்கும் கப்பல். அந்தக் கட்டிலருகே நாம் இருந்திருந்தால் எல்லாவற்றையும் எளிதில் விளக்கியிருப்போம்.

ஏழு வழிகளையும் மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்கும்போது ‘எனக்கு’, விளக்கும்போது ‘உனக்கு’. இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், ஊருக்காகக் கேட்டு, தன் கழுதைக்கு மட்டும் விளக்கம் சொல்லும் ரபியாகவே நீங்கள் மாறிவிடும் அபாயம் உண்டு.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*மரத்திலிருந்து ஓர் இலை விழுவதும் தெய்வச் செயல்தானா?*

ஆளைப் பொறுத்தது. குறிப்பிட்ட இலை விழுவது தற்செயல், தனிக் கவனிப்பு மனிதருக்குத்தான் என்றார் மைமோனிடிஸ். இலை புரள்வதும் அதன் கீழே இருக்கும் புழுவுக்காகவே என்கிறது பால் ஷேம் தோவ் வழி. இரண்டு கட்சியும் இன்றுவரை ஒரே ஜெப ஆலயத்தில் அமர்கின்றன. கார் நிறுத்த இடம் கிடைத்தால் பால் ஷேம் தோவ் பக்கமும், கிடைக்காவிட்டால் மைமோனிடிஸ் பக்கமும் சாய்ந்துகொள்ளலாம்.

*எழுதிப் போடலாமா?*

தாராளமாக. எருசலேமின் மேற்குச் சுவரின் இடுக்குகளில் சீட்டு வைக்கலாம். நேரில் போக முடியாதவர்கள் கடவுளுக்கு என்று விலாசமிட்டு அனுப்பும் கடிதங்களையும் இஸ்ரேல் தபால்துறை அங்கே சேர்க்கிறது. ஆண்டுக்கு இருமுறை, பஸ்காவுக்கும் யூதப் புத்தாண்டுக்கும் முன், சீட்டுகளைப் படிக்காமல் எடுத்து ஒலிவ மலையில் புதைக்கிறார்கள். எல்லாருடைய சீட்டும் ஒரே குழியில்தான். தனிக்குழி வசதி இல்லை.

*போய்ச் சேர்ந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?*

கடல் கடந்தவர், பாலைவனம் கடந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து வந்தவர் ஆகிய நால்வரும் நன்றி சொல்ல வேண்டும் என்பது விதி. அதைப் பத்துப் பேர் கூடிய இடத்தில் சொல்வது முறை, கேட்பவர்கள் வாழ்த்திப் பதில் சொல்வார்கள். தனியாகக் கேட்கவும் முடியாது, தனியாக நன்றி சொல்லவும் முடியாது என்றால் என்ன மார்க்கம் இது என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது.

*இந்தக் கையேட்டின்படி நடந்தால் பலன் உறுதியா?*

எது நேர்ந்தாலும் இதுவும் நன்மைக்கே என்று சொல்லும் நாகும் என்பவரிடம் யூதர்கள் ஒரு பெட்டி நிறைய ரத்தினங்களைக் கொடுத்து ரோமப் பேரரசனிடம் அனுப்பினார்கள். வழியில் தங்கிய சத்திரத்தில் திருடிவிட்டு மண்ணை நிரப்பிவைத்தார்கள். அரண்மனையில் பெட்டி திறக்கப்பட்டது. கேலி செய்கிறார்களா என்று பேரரசன் கொதித்தான். எறிந்தால் வாளாக மாறும் ஆபிரகாமின் மண்ணாக இருக்கலாமே என்று, ரோமர் வேடத்தில் வந்த எலியா தீர்க்கதரிசி எடுத்துக்கொடுத்தார். சோதித்தார்கள், பணியாத நாடு ஒன்று பணிந்தது. நாகும் பெட்டி நிறைய ரத்தினங்களோடு திரும்பினார். விஷயம் கேள்விப்பட்ட சத்திரக்காரர்கள் வீட்டையே இடித்து, அதே மண்ணை அள்ளி, அதே அரண்மனைக்கு, அதே சொற்களோடு கொண்டுபோனார்கள். முறையில் ஒரு பிசகும் இல்லை. மண் மண்ணாகவே இருந்தது, அவர்கள் தலை போயிற்று.

அவர்களிடம் இருந்ததும் இப்படி ஒரு கையேடுதான். எனவே பலனுக்கு நாங்கள் பொறுப்பல்ல.